கொரோனா காலத்தில் நர்சிங் படித்தவர்களுக்கு என்ன நேர்ந்தது?

கேள்வி இதுதான்: "என் தங்கை 2019-இல் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்து 2023-இல் முடித்தாள். வேலைக்குப் போன இடத்தில் 'நீங்க ஆன்லைன் பேட்ச்தானே' என்று சொல்லி முக்கியமான வேலை எதையும் கொடுப்பதில்லை. வீட்டுக்கு வந்து அழுகிறாள். அந்த இரண்டு வருடம் உண்மையிலேயே அவ்வளவு பாதித்ததா? இனி ஈடுகட்ட முடியுமா?"

பாதித்தது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லா பேட்சையும் ஒரே மாதிரி பாதிக்கவில்லை. அந்தக் காலத்தில் படித்த எல்லாரையும் ஒரே பெயரில் அடைத்து ஓரமாக உட்கார வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கொதிக்கிறது. வார்டில் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். கொரோனா காலத்திலும் அதே வேலைதான். அங்கே கண்டதையும், இது பற்றி வந்த ஆய்வுகளில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் வருடக் கணக்கைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் 2020 மார்ச் மத்தியில் கல்லூரிகளை மூடினார்கள். 25ஆம் தேதியிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னதும் பிள்ளைகள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். பாதிப் புத்தகங்கள் அறையிலேயே கிடந்தன. டிசம்பரில்தான் மெல்லத் திரும்பினார்கள். 2021 மே மாதம் இரண்டாம் அலை, மறுபடி மூடல். ஆகஸ்ட் 16 முதல்தான் மருத்துவ, நர்சிங் கல்லூரிகளுக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது.

இதில் 2017-இல் சேர்ந்தவர்களுக்குப் போனது கடைசி வருடம். கடைசி வருடம் என்றால் பிரசவ வார்டும் சமூக நல நர்சிங்கும். அப்போதைய பாடத்திட்டப்படி ஒரு மாணவி 20 சுகப்பிரசவங்களைத் தன் கையால் நடத்தியிருக்க வேண்டும். பல இடங்களில் மாணவிகளை லேபர் ரூமுக்குள் விடவே யோசித்த காலம் அது. 2018 பேட்சுக்குக் குழந்தைகள் வார்டும் மனநல போஸ்டிங்கும் (வார்டுப் பயிற்சி) போயின. உங்கள் தங்கை 2019. முதல் வருடம் பாதியில், நர்சிங் ஃபவுண்டேஷன் என்ற அடிப்படைப் பாடத்தைப் பழகிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குப் போனவள். இரண்டாம் வருடத்தில் மெடிக்கல் சர்ஜிக்கல் (பொது நோயாளிகளையும் அறுவை நோயாளிகளையும் பராமரிக்கும் பாடம்) முதல் பகுதியைப் பெரும்பாலும் ஃபோனில் படித்திருப்பாள். பிரசவ போஸ்டிங் வந்தபோது 2022 தாண்டிவிட்டது. மருத்துவமனைகள் வழக்கத்துக்குத் திரும்பியிருந்தன. ஆக அவளிடம் குறை இருந்தால் அது அடிப்படை கை வேலைகளில்தான் இருக்கும். அது கண்டுபிடிக்கக்கூடிய குறை, சரிசெய்யக்கூடியதும்கூட.

நர்சிங்கில் வகுப்பறை பாதிதான், மீதி நோயாளியின் பக்கத்தில் நின்று வருவது. நரம்பு பிடித்து கான்யுலா (மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்) போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் நரம்பைவிட விரலுக்குத் தட்டுப்படும் நரம்பைத்தான் நம்ப வேண்டும். வயதான பாட்டியின் மெல்லிய தோலுக்கு அடியில் அது வழுக்கி நகர்வதை எந்த வீடியோவும் காட்டாது. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூப் போடும்போது நோயாளி குமட்டினால் எங்கே நிறுத்துவது, எப்போது 'முழுங்குங்க ஐயா' என்று சொல்லித் தள்ளுவது என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். சர்க்கரை கட்டுமீறி கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தான நிலை) ஆனவரின் மூச்சில் பழ வாசனை வரும் என்று புத்தகம் சொல்கிறது. அதை ஒருமுறை முகர்ந்தவளுக்கு வாழ்நாள் முழுக்க மறக்காது. ஸ்கிரீனில் வாசனை ஏது?

இதைவிட அதிகமாகப் போனது ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பதினெட்டு வயதுப் பெண் முன்பின் தெரியாத ஒருவருக்குப் படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிட வேண்டும். முதல் தடவை கை நடுங்கும், வெட்கம் வரும். பக்கத்தில் சீனியர் ஒருத்தி நின்று, திரையை இழுத்துவிட்டு, நோயாளியிடம் ஊர், பேரன் பேத்தி என்று பேச்சுக் கொடுத்தபடியே வேலையை முடிப்பாள். அதைப் பார்த்துத்தான் கூச்சம் போகும், நோயாளியின் கூச்சத்தை எப்படிக் காப்பது என்பதும் வரும். 2019, 2020 பேட்சுகளுக்கு இந்தப் பாடம் தள்ளிப்போனது. அப்புறம் வார்டுக்கு வந்தபோது நோயாளியும் முகக்கவசம், இவர்களும் முகக்கவசம். வலியில் உதடு கோணுவதையும், பொய்யாகச் சிரித்து 'ஒண்ணும் இல்லம்மா' என்று சொல்வதையும் பார்க்க முடியாமல் நோயாளியைப் படிக்கப் பழகியவர்கள் இவர்கள்.

கேஸ் ஸ்டடி, கேர் பிளான் (நோயாளியைப் பராமரிக்கும் திட்டம்) எல்லாம் காகித நோயாளியை வைத்து எழுதினார்கள். நாங்களே ஒரு நோயாளியைக் கற்பனை செய்து, வயது, பரிசோதனை முடிவுகள் எல்லாம் கொடுத்து எழுதச் சொன்னோம். வேறு வழி இல்லை. காகிதத்தில் உள்ள நோயாளிக்கு நடுராத்திரி பிபி இறங்காது, பக்கத்துப் படுக்கைக்காரர் கூப்பிட மாட்டார், உறவினர் வந்து சண்டை போட மாட்டார். ஒரே நேரத்தில் மூன்று வேலை வரும்போது எதை முதலில் செய்வது என்பதுதான் வார்டு கற்றுத்தரும் பெரிய பாடம். புதிதாக வேலைக்கு வந்த இந்த பேட்ச் பிள்ளைகள் திணறுவதும் பெரும்பாலும் அங்கேதான். ஊசி போடத் தெரியாமல் திணறுவது குறைவு.

ஆனாலும் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. வீட்டில் பாட்டிக்குத் தினமும் பிபி பார்த்து சார்ட் போட்டவர்கள் உண்டு. தலையணையை வைத்து பெட் மேக்கிங் பழகியவர்கள், சாத்துக்குடியில் ஊசி குத்திப் பழகி வீடியோ அனுப்பியவர்கள், தெருவில் உள்ளவர்களுக்குக் கை கழுவும் முறையைச் சொல்லிக்கொடுத்தவர்கள் என்று எத்தனையோ பேர். அந்த வீடியோக்களை இப்போதும் நினைத்துப்பார்க்கிறேன். படிக்க வேண்டும் என்ற தவிப்பு அவ்வளவு இருந்தது.

வீடு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் நர்சிங்குக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பெண்கள். கிராமத்திலிருந்தும் சிறு நகரங்களிலிருந்தும் வருபவர்கள், வீட்டின் முதல் பட்டதாரிகள் நிறையப் பேர். ஒரு ஸ்மார்ட்ஃபோன், அதை ப்ளஸ் டூ படிக்கும் தம்பியோடு பங்குபோட வேண்டும். சிக்னலுக்காக மொட்டை மாடி. வகுப்பு நடக்கும்போதே அம்மா சமையலறையிலிருந்து கூப்பிடுவார். பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் வீட்டு வேலை அவளுக்குத்தான் என்பது மாறவில்லை. படிக்கிறாள் என்பதை வீடு மறந்தே போனது. அப்பாவுக்கு வேலை போயிருக்கும், ஃபீஸ் பாக்கி. சில வீடுகளில் இதுதான் சமயம் என்று கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். கேமராவை அணைத்துவிட்டு இருப்பவர்களைக் கவனமில்லாதவர்கள் என்று நினைத்த ஆசிரியர்கள் உண்டு. வீட்டின் நிலைமையைக் காட்ட விரும்பாமல் அணைத்தவர்கள்தான் அதில் அதிகம்.

சரி, மனநிலைக்கு வருவோம். 2020-இல் இஸ்ரேலின் ஆஷ்கெலான் நகரக் கல்லூரி ஒன்றில், ஊரடங்கின் மூன்றாவது வாரத்தில் 244 நர்சிங் மாணவர்களிடம் ஒரு ஆய்வு எடுத்தார்கள். மிதமான பதற்றம் 42.8 சதவீதம் பேருக்கும், கடுமையான பதற்றம் 13.1 சதவீதம் பேருக்கும் இருந்தது. பாதுகாப்பு உடை போதாததும் தொற்று பயமும் பதற்றத்தைக் கூட்டின. 2021-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, பல நாடுகளின் 17 ஆய்வுகளைச் சேர்த்து 13,000-க்கும் மேற்பட்ட நர்சிங் மாணவர்களின் நிலையைக் கணக்கிட்டது. மனச்சோர்வு 52 சதவீதம், பயம் 41, பதற்றம் 32, மன அழுத்தம் 30, தூக்கக் கோளாறு 27 என்று வந்தது. இவை பெரும்பாலும் கேள்வித்தாளை நிரப்பி எடுத்த அளவுகள். மருத்துவர் உட்கார வைத்துப் பரிசோதித்துச் சொன்ன நோய் இல்லை. அதனால் பாதிப் பேர் மனநோயாளிகள் என்று புரிந்துகொள்ளக் கூடாது. ஆனால் இரண்டில் ஒருவர் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தார்கள் என்பதை லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

எண்களில் வராத பயமும் இருந்தது. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கல்லால் அடித்து விரட்டியது ஞாபகம் இருக்கும். சக மருத்துவர் ஒருவரே இரவோடு இரவாகக் குழி தோண்டி மூட வேண்டியதாயிற்று. டாக்டருக்கே இந்த கதி என்றால் என் பொண்ணுக்கு யார் வருவார்கள் என்று தாய்மார்கள் ஃபோனில் கேட்டார்கள். 'படிப்பை நிறுத்திடலாமா மேடம்?' என்று கேட்டவர்களும் உண்டு. டியூட்டி முடிந்து வந்த பெண்ணைத் தெருவுக்குள் விட மறுத்த ஊர்களும் இருந்தன. அதே ஜனங்கள் மார்ச் மாதம் கை தட்டியவர்கள்தான். உலக சுகாதார நிறுவனம் செவிலியர்களுக்கான ஆண்டு என்று அறிவித்திருந்த வருடம் அது. நவீன நர்சிங்கின் முன்னோடி நைட்டிங்கேல் பிறந்து 200 வருடம் ஆனதற்காக. மாணவிகள் உறுதிமொழி எடுக்கும் விளக்கேற்றும் விழாவைப் பல கல்லூரிகளில் நடத்தவே முடியவில்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். பல பிள்ளைகளை நோயின் பயத்தைவிட அதிகமாக உடைத்தது, தாங்கள் யார் என்று தெரியாமல் நின்றதுதான். மாணவியா, ஊழியரா?

2021 மே 3ஆம் தேதி பிரதமர் அலுவலகத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. அப்போது நாட்டில் ஒரு நாளுக்கு நாலு லட்சத்தை நெருங்கி தொற்று. தேர்வுக்குக் காத்திருக்கும் கடைசி வருட பி.எஸ்சி., ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) மாணவர்களை மூத்த ஆசிரியர்களின் மேற்பார்வையில் முழுநேரக் கொரோனா வேலையில் ஈடுபடுத்தலாம் என்றது அது. 100 நாள் கொரோனா பணி முடித்தவர்களுக்கு அரசு வேலை நியமனத்தில் முன்னுரிமை என்றும் சொன்னது. தேவை உண்மையானது. தமிழ்நாட்டில் மே 21ஆம் தேதி ஒரே நாளில் 36,000-க்கு மேல் தொற்று. சென்னை அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. கை கொடுக்க ஆள் வேண்டும். பிள்ளைகளும் தயங்கவில்லை, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் 'மேற்பார்வையில்' என்ற அந்த ஒரு நிபந்தனையை எத்தனை இடங்களில் காப்பாற்ற முடிந்தது? ஸ்டாஃப் நர்ஸுக்கே மூச்சு விட நேரம் இல்லை. கல்லூரி ஆசிரியர்கள் பலருக்குக் கொரோனா வார்டுக்குள் அனுமதி இல்லை. பத்து மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. அந்த நாட்களில் அது காகிதத்தில் இருந்தது. பிழை நேர்ந்தால் யார் பொறுப்பு, தொற்று வந்தால் எங்கே படுக்கை, விடுப்பு எத்தனை நாள், ஊக்கத்தொகை உண்டா என்ற கேள்விகளுக்குக் கல்லூரி மருத்துவமனையைக் காட்டியது, மருத்துவமனை கல்லூரியைக் காட்டியது. நடுவில் இருபத்தியொரு வயதுப் பிள்ளை.

பிரிட்டனில் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டார்கள். சாதாரணமாக அங்கே பயிற்சி மாணவரை வார்டின் ஆள்கணக்கில் சேர்க்க மாட்டார்கள்; கற்க வந்தவர் கற்க வந்தவர்தான். 2020-இல் அந்தப் பாதுகாப்பைத் தற்காலிகமாக விலக்கி, கடைசி ஆறு மாதத்தில் இருந்தவர்கள் விரும்பினால் சம்பளத்தோடு வேலைக்கு வரலாம் என்றார்கள். அரசு மருத்துவ சேவையின் சம்பள வரிசையில் நாலாம் நிலை, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம். அங்கேயும் பிள்ளைகள் பயந்தார்கள், களைத்தார்கள், சம்பள ஏற்பாடு பாதியில் முடிந்தபோது கோபப்பட்டார்கள். ஆனால் 'இந்த மாதங்களில் நீ ஊழியர்' என்று ஒரு தெளிவு இருந்தது. நம் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் அது கிடைக்கவில்லை. பக்கத்தில் ஒரு மூத்த சிஸ்டர் நின்று 'நீ என் கூட இரு' என்று சொன்ன வார்டுகளில் இருந்தவர்கள் திடமாக வெளியே வந்தார்கள். தனியாக விடப்பட்டவர்கள்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

என்ன சுமக்கிறார்கள்? பிபிஇ உடைக்குள் ஆறு மணி நேரம், தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல், மாதவிலக்கு நாட்களிலும் அப்படியே. அதைக்கூட மறந்துவிடலாம். தாங்கள் பார்த்த முதல் சாவை, உறவினர் ஒருவரும் பக்கத்தில் இல்லாத சாவாகப் பார்த்தார்கள். சாதாரண காலத்தில் ஒரு மாணவியின் முதல் மரணத்துக்குப் பிறகு நாங்கள் அவளைத் தனியே கூப்பிட்டு டீ வாங்கிக்கொடுத்துப் பேசுவோம். பேச விட்டாலே பாதி இறங்கும். அந்த மே மாதத்தில் ஒரே ஷிஃப்டில் பல மரணங்கள், பேச ஒருவரும் இல்லை. உடலைப் பையில் வைத்துக் கட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போக வேண்டும். உங்கள் தங்கை அப்போது இரண்டாம் வருடம் என்பதால் இந்த வார்டுகளில் நின்றிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் அவளுடைய சீனியர்கள் இன்று அவளோடு வேலை செய்பவர்கள். சிலர் எரிந்து விழுவதற்குப் பின்னால் இது இருக்கலாம்.

இந்த பேட்சுகளிடம் கூடுதலாக இருப்பதையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. தொற்றுத் தடுப்பை இவர்களைப் போலக் கற்ற பேட்ச் இதற்கு முன் இல்லை. கவசத்தைப் போடும் வரிசை, கழற்றும் வரிசை, கை கழுவும் ஒவ்வொரு படியும் இவர்களுக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. பழைய ஆட்களுக்கு நாங்கள் போஸ்டர் ஒட்டி ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. ஆக்சிஜன் அளவு குறைவதைக் கவனிப்பது, குப்புறப் படுக்க வைப்பது, ஆக்சிஜனை வேகமாகச் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவி எல்லாம் கடைசி வருடத்தில் இருந்தவர்கள் நேரில் பார்த்தவை. 2021 செப்டம்பர் 12 முதல் நடந்த மெகா தடுப்பூசி முகாம்களில் மாணவிகள் போட்ட ஊசிக்கு அளவே இல்லை. தோள்தசை ஊசியில் இவர்கள் கை நல்ல கை.

அப்புறம் வேலை. படிப்பை முடித்தால் வேலை நிச்சயம் என்ற நம்பிக்கையில்தான் இந்தப் பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். 2020-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தற்காலிகமாக எடுக்கப்பட்ட செவிலியர்களில் சுமார் 2,400 பேரின் ஒப்பந்தத்தை 2022 டிசம்பர் 31-க்கு மேல் அரசு நீட்டிக்கவில்லை. வேறு திட்டங்களில் ஒப்பந்த வேலை தருவதாகச் சொன்னது. அவர்களோ நிரந்தர வேலை கேட்டு 2023 தொடக்கத்தில் தெருவில் உட்கார்ந்தார்கள். டிவியில் அதைப் பார்த்த கடைசி வருட மாணவிகளின் முகத்தை நான் வகுப்பில் பார்த்தேன். வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிக்க முடிவு செய்த பலர் அந்த வாரத்தில்தான் முடிவு செய்தார்கள்.

இனி உங்கள் தங்கை செய்யக்கூடியது. தனக்கு என்ன தெரியாது என்பதை அவள் ஒரு தாளில் எழுத வேண்டும். பொதுவாக 'எனக்கு எதுவும் தெரியல' என்று எழுதினால் பயன் இல்லை. கான்யுலா, ரைல்ஸ் ட்யூப், ஆண், பெண் இருவருக்கும் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்), சக்‌ஷன் (சளியை உறிஞ்சி எடுப்பது), ரத்தம் ஏற்றும்போது கவனிப்பது, ஹேண்டோவர் (ஷிஃப்ட் மாறும்போது நோயாளி விவரத்தை ஒப்படைப்பது) சொல்வது என்று தனித்தனியாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே பார்த்ததுண்டு, உதவியோடு செய்ததுண்டு, தனியாகச் செய்ததுண்டு என்று குறிக்கட்டும். பெரும்பாலும் அவள் பயந்ததைவிடச் சிறிய பட்டியலாகத்தான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வார்டு இன்சார்ஜிடம் போய், 'சிஸ்டர், இந்த ஐந்தையும் இந்த மாசத்துக்குள்ள உங்க முன்னாடி செஞ்சு காட்டணும், எந்த ஷிஃப்ட்ல நிக்கட்டும்?' என்று கேட்கட்டும். வெறுமனே அழுகிறவளை ஒதுக்குவார்கள். பட்டியலோடு வந்து கேட்பவளை ஒதுக்குவது கஷ்டம். இரவு ஷிஃப்டைவிடக் காலை ஷிஃப்டில் செய்முறைகள் அதிகம் என்பதால், முடிந்தால் முதல் இரண்டு மாதம் காலையில் கேட்டு வாங்குவது நல்லது. பழைய கல்லூரியின் லேபில் விடுமுறை நாளில் போய்ப் பழக அனுமதி கேட்டாலும் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள்.

அழுகை வாரக்கணக்கில் நீடித்து, தூக்கம், சாப்பாடு இரண்டும் கெட்டிருந்தால் அதை வேலைப் பிரச்சினை என்று மட்டும் நினைக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நர்ஸாக இருந்துகொண்டு நானே போய்ச் சொல்வதா என்ற தயக்கம் நம் துறையில் அதிகம். அக்கா என்ற முறையிலோ அண்ணன் என்ற முறையிலோ நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோன் போட்டுக் கொடுத்தால் அந்தத் தயக்கம் குறையும்.

பாடத்திட்டமும் மாறியிருக்கிறது. 2021-இல் அறிவித்த புதிய விதிகளின்படி பி.எஸ்சி. நர்சிங் செமஸ்டர் முறைக்கு வந்து, சிமுலேஷன் லேபுக்கும் (நோயாளிக்குப் பதில் டம்மியை வைத்துப் பழகும் இடம்) இடம் கிடைத்தது. பிரிட்டனில் 2,300 மணி நேர வார்டுப் பயிற்சியில் 600 மணி வரை சிமுலேஷனில் செய்யலாம் என்று 2023 முதல் அனுமதிக்கிறார்கள். நல்ல டம்மியும் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தால் அது பயன்படும். நம் ஊரில் பல கல்லூரிகளில் ஒரு டம்மியைச் சுற்றி ஒரு வகுப்பே நிற்கிறது. அந்த நிலையில் மணிக்கணக்கை மட்டும் எழுதிவைப்பது அடுத்த பெருந்தொற்றில் படிக்கப்போகும் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

கடைசியாக, இதைப் படிக்கும் வார்டு இன்சார்ஜ்களுக்கு. இந்தப் பிள்ளைகள் போஸ்டிங்கைக் கட் அடித்துவிட்டு வரவில்லை. கல்லூரியும் மருத்துவமனையும் தர வேண்டியதைத் தர முடியாமல் போன காலத்தில் படித்தவர்கள். பாக்கி நம்முடையது. புதிதாக வருபவளோடு மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு மூத்த சிஸ்டரை ஜோடி சேர்த்து, இருவருக்கும் ஒரே ஷிஃப்ட் போட்டுக் கொடுங்கள். ட்யூட்டி ரோஸ்டரில் செய்ய வேண்டிய மாற்றம்தான், செலவு எதுவும் இல்லை. அவள் கேள்வி கேட்டால் மற்ற நர்ஸுகள் முன்னால் 'இதுகூடத் தெரியாதா' என்று கேட்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒருமுறை அப்படிக் கேட்கப்பட்டவள் அடுத்த முறை சந்தேகம் வந்தால் வாய் திறக்க மாட்டாள், மருந்து அளவு தப்பாகும்போதுகூட.